அறுபத்தொரு வாழைப்பழ மெயில்கள்

தேவகிருபைக்கு வாசனை தெரியாது. 2021 கோடையில் கொரோனா வந்து பதினெட்டு நாள் படுத்து எழுந்தபோது மூச்சு சரியாகிவிட்டது, நாக்கு பாதி சரியானது, மூக்கு மட்டும் திரும்பவேயில்லை. காபிக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் முன் அறையிலிருந்து கணவர் டென்னிஸ் "கிருபை, பால்" என்று குரல் கொடுப்பார். இருவருக்கும் அது பழகிவிட்டது.

அந்த தேவகிருபைதான், திருவொற்றியூரிலிருந்து மணலி வரைக்கும் எந்தத் தெருவில் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்ன நாறுகிறது என்பதைக் கேட்டால் உடனே சொல்லக்கூடியவர் ஆனார்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகி விம்கோ நகருக்கு வந்தார். டென்னிஸ் மணலியில் ஒரு லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறார். தேவகிருபை பதினாறு வருடமாகச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், சிவந்தி அண்ணாச்சி கடையின் அலுவலகத்தில் இருக்கிறார். கம்பி, ஆங்கிள், தகடு எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. ஒரு நாளைக்கு இருநூறு மெயிலுக்குக் குறையாது. ஆலைகளின் விலைப் பட்டியல், லாரி கிளம்பிய தகவல், டெண்டர் அறிவிப்பு, யாரென்றே தெரியாதவர்களின் விளம்பரம். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள் மழையில் வியாபாரம் இல்லாதபோது, திரையின் ஓரத்தில் இருந்த பல்சக்கரப் படத்தை 'இது எதற்கு' என்று அழுத்திப் பார்த்தார். உள்ளே ஃபில்டர் என்று ஒன்று இருந்தது. இன்ன பெயரிலிருந்து வந்தால் இந்தப் பெட்டிக்குப் போ, இன்ன சொல் இருந்தால் அந்தப் பெட்டிக்குப் போ என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும், அப்புறம் அதுவே பிரித்துப் போடும். சாயங்காலத்துக்குள் பத்து ஃபில்டர் போட்டுவிட்டார். யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றைப் போட்டுவிட்டு அது சரியாகப் பிடிக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தச் செய்தி மார்க்கெட்டில் பரவி, ஒரு நாள் ரகுபதியைக் கடைக்குக் கூட்டி வந்தது.

ரகுபதி கடற்கரைக் குப்பத்துக்காரர். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்துக் குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு அவர்தான் செயலாளர். காற்றில் வரும் நாற்றத்தைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் சொல்லப் போனால், எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். யாரிடமும் பதில் இருப்பதில்லை. அதனால் கூட்டமைப்பு ஒரு மெயில் குழு தொடங்கியது. ஒரே முகவரி. எவருக்கு எப்போது நாற்றம் வந்தாலும் அதற்கு எழுதிவிட வேண்டும். எழுதியது குழுவில் இருக்கிற எல்லாருக்கும் போகும். அறுநூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள். முதல் வாரத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மெயில். இரண்டாவது வாரம் பாதிப் பேர் 'என்னை எடுத்துவிடுங்கள்' என்று எழுதினார்கள். அந்த மெயிலும் எல்லாருக்கும் போயிற்று.

"மெயிலு வந்துகினே கீதுக்கா. காலைல எந்திரிச்சா நானூறு. போனு சூடாயி ஒரே பேஜாரு. நீங்க ஆபீஸ் மெயில பிரிச்சிப் பிரிச்சி வெக்கிறீங்களாமே. இத்தையும் கொஞ்சம் பாக்க முடியுமா?" என்றார் ரகுபதி.

"என்ன எழுதுதாங்க?"

"இன்னா எழுதுவாங்க? நாறுதுன்னு எழுதுறாங்க."

"எப்படி நாறுதுன்னு எழுதியிருக்காங்களா?"

ரகுபதிக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் பட்டது. போனை நீட்டினார். தேவகிருபை படித்தார். அழுகின முட்டை மாதிரி. கேஸ் திறந்துவிட்ட மாதிரி. எலி செத்துக் கிடந்து மூன்று நாள் ஆன மாதிரி. புது டயர் கடைக்குள் போன மாதிரி. வெல்லப் பாகு தீய்ந்த மாதிரி. நாலு வருடமாக அவருக்குள் இல்லாமல் போன எல்லாமே அங்கே வரி வரியாக இருந்தன. படிக்கப் படிக்க இன்னும் படிக்க வேண்டும் போலிருந்தது. டென்னிஸிடம்கூடக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டார். தனக்கு மூக்கு வேலை செய்யாது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கொடுக்கமாட்டார்களோ என்று பயம்.

முதல் வேலையாக, மெயில் எல்லாருக்கும் போவதை நிறுத்தினார். எல்லாம் தன் பெட்டிக்கு வரட்டும், பிரித்து, தினம் மாலை ஒரே ஒரு சுருக்கம் மட்டும் எல்லாருக்கும் போகட்டும் என்று வைத்தார். அடுத்து, ஊர்வாரியாகப் பெட்டிகள். அது எளிதாக இருந்தது. நாற்றவாரியாகப் பிரிக்கப் போனபோதுதான் தமிழ் தடுக்கியது.

நாற்றம் என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் ஃபில்டர் அதை மட்டுமே பிடித்தது. நாத்தம், நாறுது, நாறிச்சு எல்லாம் அதற்கு வேற்றாள். குப்பத்துக்காரர்கள் வீச்சம் என்றார்கள். மணலியில் வாடை என்றார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கப்பு என்றார்கள். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். போனில் பேசி எழுதவைத்தவர்களுக்குப் போன் நாற்றம் என்பதை 'நாற்று' என்று எழுதிக் கொடுத்தது. 'முட்டை' என்று போட்ட ஃபில்டரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவு முட்டை சிறியதாக இருக்கிறது என்று ஒரு தகப்பனார் எழுதிய புகார் வந்து விழுந்தது. 'கேஸ்' என்று போட்டதில் பாதி, கம்பெனிமேல் கேஸ் போட வேண்டும் என்று எழுதியவர்களுடையது. தேவகிருபை ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் அண்ணன் தம்பிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஃபில்டரில் சேர்த்துக்கொண்டே போனார். மூன்று வாரத்தில் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்தது.

"வேலைக்கு மேல வேலை. இதுல உனக்கு என்ன கிடைக்கு?" என்று டென்னிஸ் கேட்டார்.

"இதக் கேளுங்களேன். பூண்டு நாத்தம்னு எழுதுத யாருமே ஞாயித்துக்கிழமை எழுதல. ஏன்னு தெரியல."

டென்னிஸ் யோசித்துப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எல்லா வீட்லயும் கறிக்குழம்புல்லா. வெளிய வர்ற பூண்டு எங்க தெரியப் போவுது?"

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

குழுவில் ஒரு பழ வியாபாரியும் இருந்தார். ராயபுரத்தில் மொத்தக் கடை. நாற்றத்தைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியதில்லை. தினம் காலை ஏழு மணிக்கு, ரஸ்தாளி, பூவன், கற்பூரவள்ளி, விசேஷங்களுக்குத் தார் தாராகக் கிடைக்கும் என்று ஒரு மெயில். மாலையில் மாம்பழம். இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதிப் பார்த்தும் நிற்கவில்லை. தேவகிருபை அவர் முகவரியைத் தடுத்தார். மறுநாள் மகன் முகவரியிலிருந்து வந்தது, அதற்கு மறுநாள் மருமகள் முகவரியிலிருந்து. ஆளைத் தடுத்துப் பயனில்லை, சொல்லைத்தான் தடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. இதற்குள் தமிழ்ச் சொற்களைப் பிடிப்பதில் கை தேர்ந்துவிட்டார். பழம், பழங்கள், பழத்தை, வாழைப்பழம், வாழைப்பழ, மாம்பழ, பலாப்பழம் என்று ஒரு வடிவம் விடாமல் எழுதி, இவை இருந்தால் நேராகக் 'கழிவு' என்ற பெட்டிக்குப் போ என்று ஒரு ஃபில்டர் போட்டார். பழ விளம்பரம் அன்றோடு கண்ணில் படுவது நின்றது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

ஏழு வாரம் கழித்து ரகுபதி கடைக்கு வந்தார். இந்தத் தடவை முகம் சரியில்லை.

"அக்கா, தப்பா நெனைக்காத. எங்க வூட்ல நாலு தபா மெயிலு போட்டுச்சு. ஒண்ணுகூட உங்க சுருக்கத்துல வர்ல. குப்பத்துக்காரங்க எழுதுனா கணக்குல வராதான்னு என்னாண்ட கேக்குது."

'எங்க வூட்ல' என்று அவர் சொன்னது மனைவி புஷ்பவல்லியை. தேவகிருபை அங்கேயே பெட்டியைத் திறந்து புஷ்பவல்லி என்ற பெயரைத் தேடினார். நாலு மெயிலும் இருந்தன. நாலும் 'கழிவு' பெட்டியில்.

முதலாவதைத் திறந்தார். 'காலை பத்தரை மணி. வாழைப்பழ வாசனை மாதிரி வருது. ஆனா பழம் இல்ல. பத்து நிமிஷத்துல தலைய வலிக்குது.'

பெட்டி முழுவதையும் வரிசையாகத் திறந்தார். விளம்பரங்களை ஒதுக்கினார். மீதி இருந்தவை அறுபத்தொன்று. பழுத்த வாழைப்பழம். பலாப்பழம் உரித்த மாதிரி. பழ மிட்டாய் வாசனை. ஒருவர், 'பழ வாசனை முதலில் நன்றாகத்தான் இருந்தது, பிறகு வாந்தி வந்தது' என்று எழுதியிருந்தார். அறுபத்தொரு தடவை சனங்கள் சொன்னதைத் தான் குப்பையில் போட்டு மூடியிருக்கிறோம் என்று ரகுபதியிடம் சொன்னார். நாலு தெருவுக்குக் கேட்கும்படி அவர் சத்தம் போட்டிருந்தாலும் தேவகிருபை வாங்கிக்கொண்டிருப்பார். ரகுபதி சத்தம் போடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது, எல்லாம் ஒரே கெழமையா கீது?"

அவர் சொன்ன பிறகுதான் தேவகிருபையும் தேதிகளைப் பார்த்தார். செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. வேறு நாளே இல்லை. தவறுக்கு வருந்துவதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு காகிதம் எடுத்து நேரவாரியாக எழுதினார். காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை வந்த மெயில்கள் முப்பத்தெட்டு. எல்லாம் கிழக்குப் பக்கத்திலிருந்து: விம்கோ நகர், தேரடி, குப்பம். மதியம் ஒன்றரைக்குமேல் வந்தவை இருபத்து மூன்று. எல்லாம் மேற்கே, மணலிப் பக்கத்திலிருந்து.

"காலையில கிழக்க, மத்தியானம் மேற்க. லாரி எதுவும் இங்கேருந்து அங்க போகுதோ?" என்றார் தேவகிருபை.

ரகுபதி சிரித்தார். "லாரி இல்லக்கா, காத்து. காலைல கரைலேர்ந்து கடலுக்கு அடிக்கும். மதியம் திரும்பிக்கும், கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கும். இது தெரியாம படகு வுட முடியுமா?"

"அப்ப நாத்தம் நகரல."

"நவுரல. ஒரே எடத்துல குந்திகினு கீது. நடுவுல எங்கியோ."

நடுவில் இருந்தது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட். அவர்கள் உட்கார்ந்திருந்த இடம். குழுவில் மார்க்கெட்டுக்காரர்கள் ஐம்பது பேருக்குமேல் இருந்தும், வாழைப்பழத்தைப் பற்றி அங்கிருந்து ஒரு மெயில்கூட இல்லை. அதுதான் தேவகிருபைக்குப் புரியவில்லை. அன்று மாலை டென்னிஸிடம் கேட்டார்: "பழ வாசனை அடிக்கும், ஆனா பழம் இல்ல. என்னவா இருக்கும்?"

"தின்னர். பெயின்ட்ல கலப்பாங்கள்ல, அது. தின்னர் ஏத்தின லாரி எடைமேடைல நின்னா பூவன் தார் தொங்கவிட்ட மாதிரி இருக்கும்" என்றார் டென்னிஸ், யோசிக்கக்கூட இல்லை.

மறுநாள் கடையில் சுமை ஏற்றுகிறவர்களைக் கேட்டபோது மற்றதும் விளங்கியது. மார்க்கெட்டில் ஆங்கிளுக்கும் குழாய்க்கும் துரு பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பூச்சு அடிப்பது அன்றாடம் நடப்பது. தின்னர் வாசனை அங்கே காற்றைப் போல. யாரும் அதை நாற்றம் என்று நினைக்கவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணாச்சியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, ரகுபதியோடு மார்க்கெட்டின் பின்பக்கம் நடந்தார். எந்த வழி என்பதை ரகுபதியின் மூக்கு சொல்லிக்கொண்டே வந்தது. மூன்றாவது சந்தின் முடிவில் தகரம் அடித்த ஒரு வளாகம். உள்ளே நாற்பது ஐம்பது இரும்பு டிரம்கள் தலைகீழாகக் கிடந்தன. இரண்டு பெண்கள் டிரம்முக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவிய நீர் திறந்த குழி ஒன்றில் தேங்கிக் கிடந்தது. தேவகிருபை குழியின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இன்னா இது, இவ்ளோ கிட்ட போய் நிக்கிற. எனக்கு இங்கியே கண்ணு எரியுது" என்று ரகுபதி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"எனக்கு வாசனை தெரியாது ரகுபதி. நாலு வருஷமாச்சு."

ரகுபதி துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். "அப்ப இத்தினி நாளா நீ எத்த வெச்சு பிரிச்ச?"

"நீங்கல்லாம் எழுதுததை வெச்சுத்தான்."

அதற்குள் டிரம் வேலையை நடத்துகிறவர் வந்துவிட்டார். பெயர் இசக்கிப்பாண்டி. தேவகிருபை இரண்டு வார்த்தை பேசியதுமே, "நம்ம ஊருப் பக்கமா? உக்காருங்க" என்று ஸ்டூல் எடுத்துப் போட்டார். திங்கள், வியாழன் இரண்டு நாளும் தின்னர் இருந்த காலி டிரம் வந்து இறங்கும், மறுநாள் கழுவி விற்பேன் என்று ஒளிக்காமல் சொன்னார். நாற்றம் என்றதும் அவருக்கு ஆச்சரியம்.

"நாத்தமா? பழ வாசம்லா அடிக்கு. எம் பேரன் வந்தா மிட்டாய்க் கடைன்னு சொல்லுவான்."

டிரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்காது. இத யாராண்ட சொல்றது?"

இசக்கிப்பாண்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். அதை அவர் அன்றுதான் முதல் தடவை கேட்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "நான் சும்மா வந்து உக்காரல, இடம் சிவந்தி அண்ணாச்சியோடது. அவுகள்ட்ட கேட்டுத்தான் போட்டேன்" என்றார்.

தேவகிருபைக்கு அது புதுச் செய்தி.

சாப்பாட்டு நேரம் முடிந்து கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சியின் மேசைக்குப் போய் நின்று, காகிதத்தை வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நாளை எழுதப் போகிறேன் என்றும் சொன்னார்.

அண்ணாச்சி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "உனக்கு வாசமே தெரியாதேம்மா."

"அதான் அண்ணாச்சி படிச்சுப் பாக்கேன்."

"எழுதாம இருந்தா என்ன? நான் அவன்ட்ட சொல்லி, கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டச் சொல்லுதேன்."

"அறுபத்தொரு மெயிலு. நான் ஏற்கெனவே ஒரு தடவ அதக் குப்பையில போட்டுட்டேன். ரெண்டாவது தடவ என்னால முடியாது."

அண்ணாச்சி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து நாலு நாள் அவர் வேலை சம்பந்தமாகத் தவிர ஒரு சொல் பேசவில்லை. பதினாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வேலை போய்விடும் என்றே தேவகிருபை நினைத்தார். டென்னிஸிடமும் சொல்லிவைத்தார். "போனா போவுது. எழுதினத அனுப்பிட்டியா?" என்றுதான் அவர் கேட்டார்.

சனிக்கிழமையே அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வளாகத்தைச் சுற்றிப் பார்த்தார், குழியிலிருந்து பாட்டிலில் நீர் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது தேவகிருபையைத் தேடி வந்து, "எப்ப வந்தா இருக்கும்னு நேரம் போட்டு வந்த முதல் புகார் இதுதான்மா" என்றார். டிரம் கழுவுவதற்கு இசக்கிப்பாண்டியிடம் அனுமதி இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம், மூடின தொட்டி வைத்த ஒரு கொட்டகைக்கு, முறையாக அனுமதி வாங்கிப் போய்விட்டார். போகும் முன் போன் பண்ணி, "ஒரு ஊருக்காரி செய்யுத காரியமா இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் அவ்வப்போது வந்து நிற்கும் என்கிறார் தேவகிருபை. டிரம் தேய்த்த பெண்களில் ஒருத்தியை அண்ணாச்சி தம் கடையிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். பேசாமலிருந்த அந்த நாலு நாள் கழிந்து ஐந்தாம் நாள் காலையிலேயே, "ஏம்மா கிருபை, ஆலைக்காரன் விலை அனுப்பிட்டானா?" என்று பழைய குரலில் கேட்டார்.

அடுத்த செவ்வாய்களில் பழ வாசனை மெயில்கள் நாலு வந்தன, பிறகு ஒன்று, பிறகு இல்லை. அழுகின முட்டையும் கேஸும் அப்படி நிற்கவில்லை. அவை இன்றும் வருகின்றன. அவற்றின் பின்னால் இருப்பவை ஐம்பது டிரம்கள் அல்ல, உயரமான புகைபோக்கிகள். அவற்றைப் பற்றிய புகார்க் காகிதங்கள் ஒவ்வொரு மாதமும் அலுவலகத்துக்குப் போகின்றன, போய்க்கொண்டிருக்கின்றன. தேவகிருபை இப்போது ஒரு சொல்லைக் குப்பைக்கு அனுப்பும் முன், அந்தச் சொல்லோடு வந்த மெயில்களில் இருபதையாவது திறந்து படித்துவிடுகிறார்.

போன மாதம் எண்ணூரிலிருந்து மகளிர் குழு ஒன்று அவரை அழைத்தது. தங்களுக்கும் இப்படி ஒரு மெயில் குழு வேண்டும் என்றார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து, மடிக்கணினியோடு பஸ் ஏறிப் போனார். பதினைந்து பேர் ஒரு பால்வாடிக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்றச் சொற்கள் எழுதிய நோட்டை அவர் எடுத்ததும், டோரதி என்ற பெண் கையை உயர்த்தினார்.

"எங்களுக்கு நாத்தம் பிரச்சன இல்லக்கா. தூசி. துணி காயப்போட்டா படியுது, சோத்துல வுழுது. தூசிய எப்டி எழுதுறது? தூசின்னா தூசிதானே."

தேவகிருபை நோட்டை மூடினார். இது அவருக்குத் தெரியாத விஷயம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ன கலர்?" என்று கேட்டார்.

"சாம்ப கலரு" என்றார் டோரதி.

"எங்க தெருவுல கறுப்பு" என்றார் பின்னால் இருந்த ஒருவர். "கையால தேச்சா மினுக்கும்."

"எங்க பக்கம் மாவு மாதிரி கீதே, மினுக்காதே" என்றார் மூன்றாமவர். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமுன் அவர்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்று தேவகிருபை மடிக்கணினியைத் திறந்தார். "எந்தத் தெரு?"